உபதேசி இருந்த இடத்தில்

ஈகூட வியர்த்துக் கீழே விழும் ஜூன் மாத வெயிலிலும் சிந்து மாகாணத்து ஹைதராபாதில், வளையல்காரர் பேட்டையில், யாரும் மின்விசிறி போடுவதில்லை. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. சாயங்காலமானால் ஆற்றுக்காற்று ஊர் முழுக்கச் சுற்றி ஆட்களின் சட்டைக்குள் புகுந்து கிச்சுகிச்சு மூட்டும். ஆனால் வளையல் ஒட்டும் வீடுகளின் ஜன்னல்களைக் கண்டால் அதுவே திரும்பிப் போய்விடும். அங்கே காற்றுக்கு மரியாதை கிடையாது. காற்று வந்தால் சுடர் ஆடும். சுடர் ஆடினால் வளையலின் இரண்டு முனையும் சேராது. முனை சேராவிட்டால் அன்றைக்கு உலை ஏறாது.

முனீராவின் முன்னறையில் மூன்று சுடர்கள் எரிந்தன. ஒன்று முனீராவுடையது. இரண்டாவது பேட்டைக்கே அக்காவான அக்தரி ஆபாவுடையது. அவள் வீட்டு எரிவாயுக் குழாயில் பெருமூச்சு மட்டும்தான் வரும் என்பதால் வளையல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். மூன்றாவது ராஃபியாவுடையது. ராஃபியாவின் கையில் வளையல் இல்லை. போன குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் நான்கு பக்கம் ஒரு கட்டுரை எழுதினார் என்று, அவள் கணவரை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் சுட்டுவிட்டுப் போனார்கள். யார் என்று போலீஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து அவள் பிறருடைய கைகளுக்கு வளையல் ஒட்டுகிறாள்; பேசுவது அபூர்வம்.

பேச்சு விஷயத்தில் அந்த அறைக்குக் குறையொன்றும் வந்துவிடவில்லை. முனீராவின் கணவர் ஷம்ஷாத் அலி மூலையில் உட்கார்ந்து வளையல்களை நிறம்வாரியாகப் பிரிப்பதாகப் பெயர். பச்சையை நீலத்தில் போடுவார், நீலத்தைத் தேநீர்க் கோப்பையில் போடுவார், கோப்பையை எங்கே வைத்தோம் என்று அறை முழுவதும் விசாரணை நடத்துவார். அவர் கவிஞர். புனைபெயர் 'கம்கோ', அதாவது குறைவாகப் பேசுபவர். அந்தப் பெயரை வைத்துக்கொண்ட நாளிலிருந்து அவர் வாய் மூடியதை அவருடைய பல் வைத்தியர்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பேட்டையில் கவிஞராக இருப்பது பெரிய விஷயமில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி, தொழில் என்ற இடத்தில் வீட்டுக்கு வீடு 'கவிஞர்' என்று எழுதி எழுதிக் கை வீங்கி நீண்ட விடுப்பில் போனார். அவர்களுடைய முன்னோர் ஃபிரோஸாபாதிலிருந்து எல்லை தாண்டி வந்தபோது கண்ணாடி உருக்கும் வித்தையையும் கஜல் எழுதும் வியாதியையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வித்தை சிலருக்குத்தான் ஒட்டியது. வியாதி எல்லாருக்கும்.

ஷம்ஷாத் நல்ல கவிஞர் என்பதும், அவருக்கு மேடை கிடைக்காது என்பதும் பேட்டைக்கே தெரியும். குரல் அப்படி. அவர் கஜல் படித்தால் தகரத்தில் ஆணி கீறுவது போலிருக்கும். ஆகவே அவர் எழுதுவார், வளையல் தொழிற்சாலை சேட் யாமீன் படிப்பார். சேட்டுக்குத் தேன் குரல். புனைபெயர் 'முஃப்லிஸ்', அதாவது பரம ஏழை. அந்தப் பரம ஏழைக்கு இரண்டு தொழிற்சாலை, மூன்று கார். முன்னால் வயிறு வந்து சற்று நேரம் கழித்துத்தான் சேட் வருவார். ஒவ்வொரு கஜலுக்கும் வீட்டுக்கு மாவு மூட்டையும் நெய் டின்னும் வந்து இறங்கும். இந்த ஏற்பாடும் பேட்டைக்கே தெரியும். யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், அது மரியாதை.

இந்த முறை சேட் நகராட்சித் தேர்தலில் நின்றார். ஓட்டுக் கேட்க ஒரு கவியரங்கம் வைத்தார். ஷம்ஷாத் எழுதிக்கொடுத்த உருது கஜலில் இப்படி ஓர் ஈரடி:

*ஊர்ப்பாவம் எண்ணி எண்ணி உட்கார்ந்த உபதேசியே,*
*உம் தொழுகை நேரம் அதோ ஓசையின்றிப் போகுதே!*

கஜல் எழுதுகிறவன் உபதேசியைச் சீண்டாமல் இருந்தால்தான் அதிசயம். இருநூறு வருஷமாக நடப்பது. உபதேசிகளும் கேட்டுத் தாடியைத் தடவிச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் காலம் மாறியிருந்தது. யாரோ கைபேசியில் எடுத்த படம் மறுநாள் காலைக்குள் ஊரைச் சுற்றியது. எதிர்வேட்பாளருக்கு அது அல்வா. மார்க்கத்தின் மானத்தைக் காப்பதாகக் கிளம்பியிருந்த இளைஞர் படைக்கோ பிரியாணி. படையின் தலைவன் ஹாஃபிஸ் தௌசீஃப், அக்தரி ஆபாவின் ஒரே மகன்; குர்ஆன் ஓத வெளியூரில் வளர்ந்து போன வருஷம்தான் திரும்பியவன், அதனால் சேட்டின் ஏற்பாடு அவனுக்குத் தெரியாது. ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சந்து சந்தாக வந்தான்.

"கேளுங்கள், சகோதரர்களே! என்ன துணிச்சல் பாருங்கள்!" என்று தொடங்கி, அந்த ஈரடியை முழுதாகச் சொல்லி, "இதை எழுதிய கை இருக்கலாமா?" என்று கேட்பான். அடுத்த சந்திலும் அப்படியே. குர்ஆன் ஓதிப் பழகிய தொண்டை. ஏற்ற இறக்கம், நிறுத்தம், மூச்சு எல்லாம் சுத்தம்.

ஷம்ஷாத் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நின்றார்.

"என்னமா படிக்கிறான் பாரு முனீரா! 'ஓசையின்றி'ன்னு சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்தறான் பாரு, அங்கதான் இருக்கு உயிரே. சேட்டுக்கு அது வரவே வராது."

"உங்க கையை வெட்டணும்னு சொல்றாங்க. காதுல விழலையா?"

"அதுவும் நல்ல குரல்லதான் சொல்றான்."

அக்தரி ஆபா சுடரிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: "சின்ன வயசுல இப்படித்தான் கத்துவான். வயித்து வலின்னு நினைச்சு ஓம வாட்டர் குடுத்தேன். தெரிஞ்சிருந்தா வேற ஏதாவது குடுத்திருப்பேன்."

ராஃபியா ஒரு வளையலை ஒட்டி, ஊதி, அடுத்ததை எடுத்தாள்.

அன்று பகலில் மசூர் பருப்பும் சோறும் வெங்காயமும் சாப்பிட்டு முடித்து முனீரா தட்டைக் கழுவும்போது வாசலில் கார் நின்றது. முதலில் வயிறும் பிறகு ஒரு மண்சட்டியில் ரப்ரிப் பாலேட்டு இனிப்பும் அதற்குப் பின் சேட்டும் உள்ளே வந்தார்கள்.

"பாபி, உட்காரலாமா?" என்று அண்ணி முறையில் முனீராவைக் கேட்டார்.

"உட்காருங்க சேட். விசிறி மட்டும் கேக்காதீங்க. சர்பத் தரட்டுமா?"

"விஷம் இருந்தாத் தாங்க, ஐஸ் போட்டு." சேட் கைக்குட்டையைப் பிழிந்தார். அதிலிருந்து வந்த தண்ணீரில் ஒரு தொட்டிச் செடி பிழைத்துக்கொண்டிருக்கும். "ஷம்ஷாத் பாய், உங்க கஜலைத் திருப்பி எடுத்துக்கங்க."

"அதெப்படி சேட்? உங்களுக்குன்னு எழுதினது, கடைசி அடியில உங்க பேரே இருக்கு."

"பேரை எடுத்துடுங்க! உங்க பேரைப் போட்டுக்கங்க!"

முனீரா கை துடைத்துக்கொண்டு வந்தாள். "போட்டுக் குலுக்கி நாலு பேர் பார்த்த வளையலைத் திருப்பிக் கொண்டுவந்தா எந்தக் கடைக்காரன் வாங்குவான் சேட்?"

"உடைஞ்சிருந்தா பரவாயில்லையே பாபி! அது உடைய மாட்டேங்குதே! ஊரு பூரா அதையேதான் சொல்லுது. என் டிரைவர் சொல்றான், என் சம்பந்தி சொல்றான். நேத்து பல்லு தேய்க்கும்போது நானே சொல்லிட்டேன்."

ஷம்ஷாத் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "ஊரு பூராவா? லத்தீஃபாபாத் வரைக்குமா?"

"லத்தீஃபாபாத் என்ன, ஆத்தைத் தாண்டிக் கோட்ரிக்கே போயாச்சு. அங்க தர்பூசணி விக்கிறவன் சொல்லிச் சொல்லி விக்கிறானாம்."

"ஆத்தைத் தாண்டிடுச்சா!" ஷம்ஷாத்தின் முகம் பெருநாள் பிறை பார்த்த குழந்தையின் முகமாயிற்று. முனீரா அவர் முதுகில் கிள்ளினாள். பிறையில் கொஞ்சம் மறைந்தது.

சேட் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கப்புறம் பள்ளிவாசல் கூடத்துல பஞ்சாயத்து. எழுதினவன் வந்து எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்கணுமாம். நான் எலெக்‌ஷன்ல நிக்கிறவன். நீங்க எழுந்து 'நான்தான் எழுதினேன், தப்புதான்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் பாய். அன்னிக்கே கராச்சிக்கு அனுப்பிடறேன். என் மச்சான் வீடு கடற்கரைப் பக்கம். ஆறு மாசம் காத்து வாங்கிட்டு எழுதிக்கிட்டு இருங்க."

"கடல் காத்தா?" என்றார் ஷம்ஷாத்.

"ராஃபியாவோட வீட்டுக்காரருக்கும் முல்தான்ல ஒரு மச்சான் இருந்தாரு," என்றாள் முனீரா. "டிக்கெட்கூட எடுத்து வச்சிருந்தாங்க."

ராஃபியா தலை நிமிரவில்லை. ஆனால் அவள் சுடரில் பிடித்திருந்த வளையல் உருகி, வளைந்து, துளியாகச் சொட்டியது. அதைத் தட்டில் ஒதுக்கிவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

அப்போதுதான் சேட் அடுத்த சுடருக்கு முன்னால் இருப்பது யார் என்று பார்த்தார். பார்த்ததும் வியர்வைகூட நின்றுவிட்டது.

"அக்தரி ஆபா! நீங்க... இங்கயா..."

"நான் ஒண்ணும் கேக்கலை சேட். எனக்கு ஒரு காது பிறவியிலேயே மந்தம். இன்னொண்ணு நீங்க வந்தப்பதான் அடைச்சது." அவள் வளையல் கட்டைத் தட்டிச் சமன் செய்தாள். "ஆனா ஒண்ணு. என் பையனுக்கு நான் சோறாக்கறதை நிறுத்தியாச்சு. கடையில தின்னட்டும். ஊரு பாவத்தை எண்ணறவனுக்கு ரொட்டியை எண்ணிப் போட என்னால முடியாது."

சேட் போனபிறகு ஷம்ஷாத் நெடுநேரம் பேசவில்லை. முனீராவுக்கு அதுதான் பயமாக இருந்தது. அந்த மனிதர் ஜுரத்தில்கூட பேசியிருக்கிறார். மயக்க மருந்தில் டாக்டரோடு யாப்பு பற்றித் தகராறு செய்திருக்கிறார்.

"என்ன யோசனை?"

"இல்லை முனீரா. கல்யாணத்துக்கு முன்னாலேருந்து எழுதறேன். ஒண்ணுகூட இந்தச் சந்து முனையைத் தாண்டலை. இது ஆத்தையே தாண்டிடுச்சு. ஒரு தடவை... எழுந்து நின்னு, 'இது என்னுது'ன்னு..."

"கல்லறைக் கல்லுல பெரிசா பொறிச்சுடறேன். 'இது என்னுது.' போதுமா?"

"நீ கவிதையைப் புரிஞ்சுக்க மாட்டேங்கறே."

"உங்களைப் புரிஞ்சுக்கிட்டேன், அதுக்கே ஆயுசு போச்சு." அவள் அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள். "சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லுங்க."

ஷம்ஷாத் சொன்னார். சொல்லும்போதே அவர் கண் ஆறு இருக்கும் திசைக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கூடத்தில் பேட்டையே கூடியிருந்தது. நின்றவர்கள் தோளில் உட்கார்ந்தவர்கள் உண்டு என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள். நடுவில் பெரிய இமாம். எண்பதைத் தாண்டியவர், எதையும் தூங்கிக்கொண்டே கேட்டு விழித்துக்கொண்டே மறப்பவர். அவருக்கு வலப்பக்கம் சேட், இடப்பக்கம் தௌசீஃபும் அவன் ஆட்களும். அவர்களில் ஒருவனுடைய சட்டை இடுப்பருகே புடைத்திருந்தது. அது பணப்பை இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் சூம்ரோ, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் புன்னகைத்தபடி நின்றார். ஷம்ஷாத் கடைசி வரிசையில் தூண் மறைவில். படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டிய திரைக்குப் பின்னால் பெண்கள். விரிப்பில் ஒரு கிழிசல் இருந்தது. முனீரா அதில் கண்ணை வைத்து, கண்ணில் கணவரை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அக்தரி, மறுபக்கம் ராஃபியா.

"தம்பி தௌசீஃப் தயவு பண்ணியிருக்கார்," என்று இமாம் தொடங்கினார். "கஜல் முழுசும் வேண்டாம். 'உபதேசி'ங்கற ஒரு சொல்லை எடுத்துட்டா விட்டுடறேங்கறார். அந்த இடத்துல வேற சொல் போட்டுச் சேட் எல்லார் முன்னாலயும் படிச்சுடணும். முடிஞ்சது. என்னைக் கேட்டா, நானே எத்தனையோ தொழுகை நேரத்தை..." என்று சொல்லி அங்கேயே தூங்கிவிட்டார்.

"சேட் சாஹிப், நீங்கதானே எழுதினது?" என்றான் தௌசீஃப். "போடுங்க சொல்லை."

சேட் தொண்டையைச் செருமினார். "உட்கார்ந்த... ம்... எதிர்க்கட்சிக்காரரே..."

தௌசீஃபின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. முகம் சுளித்தது. "எடை இடிக்குது. அந்த இடத்துக்கு ரெண்டே ரெண்டு நீண்ட அசை. நீங்க ஒரு வண்டி பாரம் ஏத்தறீங்க."

"போலீஸே!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான்.

"நிக்காது," என்றான் தௌசீஃப். "உருதுல அது 'புலிஸ்'தானே, குறில்ல தொடங்குது."

இன்ஸ்பெக்டர் சூம்ரோ நெஞ்சில் கை வைத்து யாப்பிலக்கணத்துக்கே நன்றி சொன்னார்.

அதற்கப்புறம் கூடத்தைக் கட்டுப்படுத்த யாராலும் முடியவில்லை. எல்லாரும் கவிஞர்கள், எல்லாரிடமும் ஒரு சொல் இருந்தது. "காஜீ!" என்றார் ஒருவர். எடை சரியாக இருந்தது. ஆனால் நிக்காஹ் எழுதும் காஜி முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். "என் வீட்டு வாசலை இனி மிதிக்காதீங்க. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வேற ஆள் பாருங்க," என்றார். "தாஜிர்!" என்றார் இன்னொருவர், வியாபாரி என்ற பொருளில். அதுவும் எடை சரி. கடைத்தெரு சங்கத்தார் முழுவரிசையும் எழுந்துவிட்டது. "லீடர்!" என்றான் ஓர் இளைஞன். அச்சாகப் பொருந்தியது. ஆனால் அதைக் கேட்டதும் சேட்டும் எதிர்வேட்பாளரின் ஆட்களும் தேர்தல் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக ஒரே குரலில் "கூடாது!" என்றார்கள். பல் வைத்தியர் தன்னை யாரும் சொல்வதற்கு முன்பே ஆட்சேபம் தெரிவித்துவிட்டார்.

தௌசீஃப் ஒவ்வொரு சொல்லையும் விரலில் போட்டு நிறுத்தான். இது சொத்தை, இது ஊமை, இது நல்ல சொல் ஆனால் அடுத்த எழுத்தோடு முட்டுது என்றான். படை, மானம் எல்லாம் அவனுக்கு மறந்து போயிருந்தது. முனீரா கிழிசல் வழியாகப் பார்த்தபோது அங்கே சிவந்த கண்களோடு ஒலிபெருக்கியில் கத்தியவன் இல்லை. பசியோடு இருக்கும் ஒரு வளையல்காரி மகன், கெட்ட சொல்லைப் பொறுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று அவன் விரல் நின்றது. சேட்டை நிமிர்ந்து பார்த்தான்.

"சேட் சாஹிப். இத்தனை பேருக்கு எடை வருது, நீங்க சொன்னது கிட்டக்கூட நிக்கலை."

"எனக்கு... தலைவலி..."

"இந்த ஈரடியில ஒரு இம்மி பிசகு இல்லை. நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தவன். இதை எழுதினது நீங்க இல்லை." அவன் குரல் தணிந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. "யாரு?"

இடுப்பு புடைத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தௌசீஃபையும் அவன் ஆட்களையும் தவிரக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர்கூட ஷம்ஷாத்தைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், இமாமின் தாடியைப் பார்த்தார்கள். அத்தனை கண்களும் ஒரே ஒரு தூணை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்ததால், அந்தத் தூண் விளக்குப் போட்டது போலத் தனியாகத் தெரிந்தது. சேட்டின் உதடு மட்டும் ஏதோ எழுத்தைத் தேடித் துடித்தது.

முனீரா பார்த்தாள். தூணுக்குப் பின்னால் ஷம்ஷாத்தின் தொப்பி மெல்ல உயர்ந்தது. தோள் தெரிந்தது. அவர் முகத்தில் பயம் துளிகூட இல்லை. அந்த முகத்தை அவள் நிக்காஹ் அன்று பார்த்தது. சம்மதமா என்று கேட்டபோது இந்த மனிதர் தெரு முனை வரை கேட்கும்படி மூன்று தடவை கத்தினாராம். இப்போதும் அதே வாய் திறக்கப்போகிறது.

அவள் வாய் முந்திக்கொண்டது.

"சொல்லுதானே வேணும்? என் வீட்டுக்காரர் பேரைப் போடுங்க!"

திரை அதிர்ந்தது. இமாம் விழித்துக்கொண்டார்.

"ஆமா! கம்கோன்னு போடுங்க! இந்தப் பேட்டையில தொழுகை நேரத்தைத் தவறவிட்டவன் வேற எவன்? அசருக்குப் போங்கன்னா அடுத்த வீட்டுக்காரன் கதை பேசிட்டு, பொழுது சாய்ஞ்சு மக்ரிபுக்கு வருவார்; மக்ரிபுக்குப் போங்கன்னா, எதிர்வீட்டுக்காரன் ஏன் வரலைன்னு கேட்டுட்டு நிப்பார். உபதேசியாம், காஜியாம், வியாபாரியாம்! எல்லாரும் ஆட்சேபிக்கிறீங்களே, இந்த மனுஷன் ஆட்சேபிக்கட்டும் பார்க்கலாம்! என்னங்க, ஆட்சேபனை உண்டா?"

பாதி எழுந்த ஷம்ஷாத் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. தலை மட்டும் இல்லை என்று ஆடியது.

தௌசீஃபின் விரல்கள் தாமாகவே முழங்காலைத் தட்டின. கம், கோ. இன்னொரு தடவை. கம், கோ. ரெண்டு நீண்ட அசை. இடிக்கவில்லை, முட்டவில்லை. அவன் கண்ணெடுத்து ஷம்ஷாத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையைக் கண்ட எல்லாருக்கும் தெரிந்தது. முனீராவின் கை ராஃபியாவின் கையைத் தேடிப் பிடித்தது.

அப்போது அக்தரி ஆபா திரைக்குள்ளிருந்து அலுப்போடு சொன்னாள்: "டேய் தௌசீஃப், பொருந்துதா இல்லையா? பொருந்தினா போட்டு முடி. இன்னிக்குக் கீமா வாங்கி வச்சிருக்கேன். இங்கயே உட்கார்ந்திருந்தா பூனை தின்னும், நீ மறுபடி கடை ரொட்டிதான்."

கூடத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, பயந்து, இருமலாக மாறியது. தௌசீஃப் தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் காது சிவந்திருந்தது.

"பொருந்துது," என்றான்.

"அப்போ நீயே படிச்சுடு தம்பி," என்றார் இமாம். "சேட்டுக்குத் தலைவலி."

தௌசீஃப் எழுந்தான். தொண்டையைச் சரிசெய்தான். கண்களை மூடினான். எத்தனை சந்துகளில், எத்தனை வேளை படித்த அடி! நாக்கு தன் வழியில் தடம் போட்டு வைத்திருந்தது. அவன் தொடங்கினான். அந்தப் பொன்னான குரல் கூடத்தின் கூரைவரை போயிற்று.

"ஊர்ப்பாவம் எண்ணி எண்ணி உட்கார்ந்த உபதேசியே..."

சொன்னபிறகுதான் அவன் காதுக்கே கேட்டது. ஆனால் பேட்டைக்காரர்களின் தொண்டையும் பழகிப்போன தொண்டை. நல்ல அடியை நல்ல குரலில் கேட்டதும், யோசிக்கும் முன்பே கூடம் முழுக்கக் கையைத் தூக்கி, "வாஹ்! வாஹ்! மறுபடி! மறுபடி!" என்று கத்திவிட்டது. காஜி கத்தினார், இன்ஸ்பெக்டர் கத்தினார். இடுப்பு புடைத்தவனும் ஒரு கையைத் தூக்கிவிட்டு, எந்தக் கை என்று பார்த்து இறக்கிக்கொண்டான்.

பிறகு ஒரு மௌனம் விழுந்தது. பேட்டை தோன்றிய நாள் முதல் அங்கே அப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை.

"மறுபடின்னு கேக்கறாங்கல்ல தம்பி," என்றார் இமாம் கண்ணைத் திறக்காமலே. "ரெண்டாவது தடவை படிக்கிறதுதான் கணக்கு. முதல் தடவை தொண்டைக்கு."

தௌசீஃப் மறுபடி படித்தான். பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல, ஒவ்வொரு சொல்லாக, கம்கோவின் பெயரைப் போட்டு. யாரும் வாஹ் சொல்லவில்லை. பஞ்சாயத்து முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஷம்ஷாத் மூலையில் உட்கார்ந்து பச்சை வளையலைப் பச்சையிலேயே போட்டார். முனீரா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"இல்லை." இன்னொரு பச்சை. "என் பேரு உள்ளே வந்துடுச்சு முனீரா. ஆசைப்பட்டது அதுக்குத்தான். ஆனா எழுதினவனா வரலை, மாட்டிக்கிட்டவனா வந்திருக்கு. அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சொல் இருந்த இடத்துல இப்ப நான் உட்கார்ந்திருக்கேன். யாரைச் சொன்னேனோ அவங்க எழுந்து போயிட்டாங்க."

"உயிரோட உட்கார்ந்திருக்கீங்க."

"ஆமா." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "என்னா சத்தம் போட்டே! உன் குரல் இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாளிலிருந்து தொல்லை வேறு ரூபத்தில் வந்தது. புது ஈரடி ஊரில் நிலைத்ததோ இல்லையோ, பேட்டையில் ஷம்ஷாத் பிழைக்க முடியவில்லை. பாங்கு சொன்ன கையோடு அவர் வாசலில் தலை காட்டாவிட்டால், பால்காரன் படித்தான், தையல்காரன் படித்தான், மாடியிலிருந்து பெண்கள் கூடையை இறக்கிக்கொண்டே படித்தார்கள்: "உட்கார்ந்த கம்கோவே!" மனிதர் ஐந்து வேளையும் ஓடினார். அவ்வளவு பக்தியை அந்தப் பள்ளிவாசல் கட்டடம் தாங்குமா என்று பேட்டை கவலைப்பட்டது. ஓடிக்கொண்டே திரும்பி, "கேட்டியா முனீரா, என் பேரு!" என்று கத்துவதையும் அவர் விடவில்லை.

தேர்தலில் சேட் தோற்றார். வென்றவரும் கவிஞர்தான்; யாரிடம் கஜல் வாங்குகிறார் என்று இன்னும் தெரியவில்லை. தௌசீஃபின் ரிக்‌ஷா வேறு பேட்டைகளுக்குப் போய் வேறு எதற்கோ கத்தியது. அக்தரி ஆபா வழக்கம்போல் வளையல் கட்டுகளோடு வந்தாள். மகனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஒரு நாள் அசர் பாங்கு கேட்டது. மூன்று சுடர்களும் நேராக எரிந்தன. ஷம்ஷாத் தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்து, ஒரு காலில் செருப்பை மாட்டி, மற்ற காலுக்குத் துழாவிக்கொண்டிருந்தார்.

அப்போது ராஃபியா சொன்னாள். வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. வளையலின் இரண்டு முனையையும் சுடரில் காட்டி, சேரும் வரை பொறுத்து, யாருக்கும் சொல்லாதது போல, வாய்க்குள்ளே சொன்னாள்.

"ஊர்ப்பாவம் எண்ணி எண்ணி உட்கார்ந்த உபதேசியே..."

அக்தரியின் கை நின்றது. முனீராவின் கையும் நின்றது. ராஃபியா இரண்டாவது அடியையும் சொன்னாள். 'ஓசையின்றி' என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தினாள், பிறகு முடித்தாள். ஒட்டிய வளையலை ஊதித் தட்டில் வைத்தாள்.

அக்தரி ஆபா நெடுநேரம் தன் சுடரையே பார்த்தாள். பிறகு அடுத்த வளையலை எடுத்தாள்.

வாசலில் ஷம்ஷாத் ஒரு செருப்போடு நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். மேடையில் நிற்கும் கவிஞர்கள் பாராட்டுக்குப் பணிவது போல மெல்லக் குனிந்து, வலக்கையை நெற்றிக்கு உயர்த்தினார், ஒரு தடவை, இன்னொரு தடவை, மறுபடியும். அப்படியே கை நெற்றியில் இருக்க, தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.